எட்டு மணிக்கு விடியும் ஊர்

அக்கா ஒருவரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். ரயிலில் எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், முழங்கை மடியும் இடத்துக்கு அவர் கண் ஒரு தடவை போய்விட்டு வரும். பிறகு என் காதருகே குனிந்து, "இவருக்கு நல்ல நரம்பு. கண்ண மூடிக்கினு எடுக்கலாம்" என்பார். இல்லாவிட்டால், "பாவம், இந்தம்மாவுக்கு ரொம்ப உள்ள போயி கீது. யாரு எடுத்தாலும் ரெண்டு குத்து வாங்கும்" என்பார்.

ரத்தம் எடுப்பதுதான் அவர் வேலை. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருபது வருஷத்துக்கும் மேலாக அதையே செய்துவந்தார். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் அக்கா, ஒரு ஊசி. "வலிக்குமா?" என்று கேட்டால், "வலிக்கும். அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பார். வலிக்காது என்று அவர் யாரிடமும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என் உடன்பிறந்தவர் அல்ல, ரயிலில் கூட வருகிறவர்; அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நாங்கள் இருவரும் எங்கள் பழைய சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவோம். விடிவதற்கு முன்பே வந்துவிடும் ரயில். அதைப் பிடிக்க நாலு மணிக்கு எழவேண்டும். நான் கே.ஆர்.புரத்தில் இறங்கிப் பஸ் பிடித்து என் அலுவலகத்துக்குப் போவேன், அவர் கண்டோன்மென்ட் வரை போவார். போக இரண்டரை மணி நேரம், வர அதற்கும் மேல். பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டியில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். களைப்பில்லாத ஆள் என்று அந்தப் பெட்டியில் ஒருவரும் கிடையாது. ஆனால் நாங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையாவது படுத்துக் கிடப்போம். அக்காவுக்கு அதுவும் இல்லை.

காரணம், அவருக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. யார் என்ன கேட்டாலும் "ஆவட்டும்" என்பார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். ஞாயிறு காலையில் நீல நிறப் பெட்டி ஒன்றை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்புவார். நந்திதுர்க்கில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், சாம்பியனில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அம்மா, ஊரிகத்தில் இரண்டு வீடு, பெமல் நகரில் மூன்று வீடு. கடைசியாக எங்கள் வீடு. எடுத்த குழாய்களை எல்லாம் ராபர்ட்சன்பேட்டையில் இருந்த ஒரு சின்ன லேபில் கொடுத்துவிட்டு, மாதா கோயிலின் பத்தரை மணிப் பூசைக்குப் பாதியில் போய்ச் சேருவார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கோயில் வாசலிலேயே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்ததை நானே பார்த்தேன். நாங்கள் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. கேக் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார் என்று போயிருந்தேன். அக்கா புதுப் புடவையோடு ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து ஊசியை எடுத்தார். "இன்னாக்கா, இன்னிக்குமா?" என்றேன். "ஊர்லர்ந்து வந்து கீறாரு பாப்பா. நாளைக்குப் போயிடுவாராம்" என்றார்.

ரயிலிலும் அப்படித்தான். யாராவது வந்து பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். பிறகு கதவோரத் தடுப்பில் சாய்ந்து நின்றபடியே தூங்குவார். பையை மார்போடு அணைத்திருப்பார். வாய் மூடியிருக்கும், தலை தொங்காது. பார்த்தால் யோசித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இருக்கும். "எப்படிக்கா நின்னுக்கினே தூங்கறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "காலு தனியா முழிச்சிக்கினு கீது. மீதி எல்லாம் தூங்குது" என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தார். வளைகுடா நாட்டில் ஒரு வேலை கிடைத்து, பாஸ்போர்ட் வரைக்கும் எடுத்து, அம்மா படுத்துவிட்டதால் போகாமல் விட்டவர். அந்த அம்மா இறந்து ஒரு வருஷம் ஆனபோது, பீரோவை ஒழிக்கையில் பாஸ்போர்ட் கிடைத்ததாகச் சொன்னார். காலாவதியாகியிருந்தது. ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லையாம். ஏனோ அதைப் புதுப்பித்து வைத்தார்.

மாட்ரிட் எங்கள் பேச்சுக்குள் வந்த கதை இது. ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு டிவி உண்டு. பயப்படுகிறவர்கள் ஊசியைப் பார்க்காமல் அதைப் பார்க்கட்டும் என்று வைத்தது. சத்தம் இருக்காது, ஏதாவது ஊர் சுற்றும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் கையிலிருந்து ரப்பர் பட்டையை அவிழ்த்து அடுத்தவர் கையில் கட்டுவதற்கு இடையில் அக்காவும் அதைப் பார்ப்பார். ஒரு நாள் காலை ரயிலில் என்னை உலுக்கி எழுப்பினார். அவர் யாரையும் எழுப்புகிறவர் அல்ல.

"பாப்பா, உன் போன்ல ஒன்னு பாத்து சொல்றியா? நேத்து டிவில ஒரு ஊரு காட்னான். பெரிய வாசல் மாதிரி ஒரு எடம். சுத்தி செவப்பா கட்டடம், நடுவுல குதிர மேல ஒரு ராஜா."

"எந்த ஊருன்னு எழுத்துல போடலியா?"

"போட்டிருப்பான். அதுக்குள்ள அடுத்த ஆளு கைய நீட்டிட்டாரு."

"அதுல இன்னா விசேஷம்க்கா?"

"ஒரு ஆளு பட்டப்பகல்ல பெஞ்சு மேல படுத்துத் தூங்கறான். மூஞ்சி மேல பேப்பரு. போலீஸ்காரன் பக்கத்துலயே நடந்து போறான். எழுப்பல."

நான் தேடிக் கண்டுபிடித்தேன். மாட்ரிட், ஸ்பெயினின் தலைநகரம். படத்தைக் காட்டியதும் "இதான், இதான்" என்று போனை என் கையோடு பிடித்துக்கொண்டார். பிறகு, "அங்கதான மத்தியானம் கடையெல்லாம் மூடிக்கினு தூங்குவாங்க?" என்றார்.

"அது அந்தக் காலமாம். இப்ப பெரிய கடைங்க எதுவும் மூடறதில்லன்னு போட்டு கீது."

அவர் முகம் வாடிவிட்டது. "சின்னக் கடைங்க?"

"சின்னது செலது மூடுவாங்க போல."

"அது போதும்."

நான் இன்னும் கொஞ்சம் கீழே படித்தேன். "அக்டோபர் மாசம் அங்க எட்டு மணிக்கு மேலதான் விடியுதாம்க்கா."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. "எட்டு மணி வரைக்கும் இருட்டா கீதா?"

"ஆமா."

"அப்ப எட்டு வரைக்கும் படுத்துக் கெடந்தா யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போகலாம் என்று அவர் முடிவு செய்ய ஒரு மாதம் ஆனது. அந்த முடிவை என்னிடம் மட்டும் சொன்னார். நாலு நாள், தனியாக, சும்மா இருக்க. போனில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்பதால் மருத்துவமனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நான் திட்டம் எழுதினேன். ரயில் குலுங்கியதில் கோணலாக இருந்த அந்த முதல் திட்டம் எனக்கு இன்னும் மனப்பாடம். முதல் நாள், தூக்கம். இரண்டாம் நாள், பெரிய பூங்கா. அதில் ஒரு குளம் உண்டு, படகு விடுவார்கள், ஏறவேண்டாம், பார்த்தால் போதும். மூன்றாம் நாள், கால் வலிக்காவிட்டால் ஓவியக்கூடம், ஒரே ஒரு கூடம். நாலாம் நாள், மறுபடி அதே பூங்கா. தங்கும் இடம் பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கவேண்டும், எந்த வண்டியும் பிடிக்கக் கூடாது என்பது அக்காவின் ஒரே நிபந்தனை.

விசாவுக்குக் கொடுக்க ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதவேண்டியிருந்தது. நானும் விடுப்புப் போட்டு அவரோடு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கன்னடத்தில், "யாக்கே ஹோக்தா இதீரா மேடம்?" என்று, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாள். அக்கா "ரெஸ்ட் தகோள்ளக்கே" என்றார், ஓய்வு எடுக்க. அந்தப் பெண் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. பிறகு படிவத்தைத் திருப்பி, 'சுற்றுலா' என்ற கட்டத்தை விரலால் காட்டினாள்.

ஊருக்குத் தெரிந்ததும் கெட்டது. எப்படித் தெரிந்தது என்று நினைவில்லை. விடுப்புக் கடிதத்திலிருந்தோ, இன்ஷூரன்ஸ் ஆளிடமிருந்தோ. முதலில் மாதா சபை அம்மாக்கள் வந்தார்கள். பக்கத்தில்தான் ஆவிலா இருக்கிறது, புனித தெரசம்மாள் பிறந்த ஊர், அங்கே போகாமல் வந்தால் எப்படி, ஆளுக்கொரு ஜெபமாலை. "ஆவட்டும்." அக்காவின் தம்பி மகனுக்குக் கால்பந்து மைதானத்தின் முன்னால் நின்று ஒரு வீடியோவும் ஒரு பனியனும். "ஆவட்டும்." தம்பி மனைவிக்குத் தோல் பை. மருத்துவமனை டாக்டர் ஒருவர் மூன்று ஓவியக்கூடங்களின் பெயரை எழுதிக் கொடுத்து, வந்ததும் கேட்பேன் என்றார். கூட வேலை செய்கிறவள், தொலேதோ என்று ஒரு பழைய ஊர் உண்டு, ரயிலில் அரை மணி நேரம்தான், அதை விட்டால் ஸ்பெயினையே விட்ட மாதிரி என்றாள். எல்லாவற்றுக்கும் ஆவட்டும்.

அவர் வந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மற்றவர்களைக் குறை சொல்கிறேன், எனக்கே ஒரு வெறி வந்துவிட்டது. இதற்கும் அதற்கும் நடுவில் இருபது நிமிஷம் கிடைக்கிறதே என்று அரண்மனையை நுழைத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நுழைத்தேன். நான் எங்கும் போனவள் இல்லை. அக்கா போகிற சாக்கில் நானும் போய்க்கொண்டிருந்தேன். படிவத்தின் பின்பக்கம் போதாமல் இரண்டாவது படிவம், மூன்றாவது படிவம்.

ஒரு நாள் மாலூர் தாண்டியதும் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்துக் காட்டினேன். "மூணாவது நாளு, காலையில அஞ்சரைக்கு எழுந்துக்கறீங்க. ஆறே முக்காலுக்கு ஆவிலா ரயிலு."

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எட்டு மணிக்கு முன்னாடியா?"

"ஆமாக்கா. அப்பதான் சாயங்காலம் மைதானத்துக்குப் போவ முடியும்."

"அப்ப அது நம்ம ரயிலுதான பாப்பா" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. அப்போதாவது பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்திருக்கலாம். எனக்கும் தூக்கம் வந்துகொண்டிருந்தது. படிவங்களை மடித்து அவர் பையில் வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்லவேண்டியது என்னைப் பற்றி.

என் அப்பா கனரகத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அது கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றுவார்கள். அப்பாவின் நரம்பு, அக்கா சொல்கிற 'ரொம்ப உள்ள போன' வகை. லேபிலிருந்து யார் வந்தாலும் நாலு இடத்தில் குத்துவார்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு குத்தும் நீலமாகக் கன்றிப்போகும். அக்கா ஒருவர்தான் ஒரே குத்தில் எடுப்பார். எப்படி என்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசியை எடுப்பதற்கு முன் அப்பாவின் கையைப் பிடித்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். விரல் மட்டும் மெதுவாக நகரும். திடீரென்று நிற்கும். "கெடச்சிட்டான்" என்பார். அப்பா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அக்கா கிளம்புவதற்கு ஒன்பது நாள் இருந்தபோது அப்பாவுக்குப் பல் ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். அடுத்த இரண்டு வாரத்தில் நாலு தடவை ரத்தம் பார்க்கவேண்டும் என்றார். அதில் இரண்டு, அக்கா ஊரில் இல்லாத நாட்களில் வந்தன.

மறுநாள் ரயில் ஏறியதும் சொன்னேன். போகாதீர்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. "டிக்கெட்ட ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமாக்கா?" என்றுதான் கேட்டேன். அவர் "ஆவட்டும்" என்று சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சொல் வருவதற்கு முன்பே என் மனசு லேசாகிவிட்டிருந்தது. அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பங்காருபேட்டை வந்தது. கூட்டம் ஏறியது. ஒரு அம்மாள் வந்து பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"இல்ல பாப்பா" என்றார். "நான் போறேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "இன்னாக்கா?"

"இந்த வாரம் தள்ளிப் போட்டா அடுத்த வாரம் வேற ஒருத்தரு வருவாங்க. அவங்களுக்கும் நெசமாவே ஒடம்பு சரியில்லாமதான் இருக்கும். யாரும் பொய் சொல்றதில்ல. எனக்கு ஒடம்பெல்லாம் பேஜாராயிடுச்சு. ரெண்டு மாசமா கை நடுங்குது. யாருக்கும் சொல்லல. நடுங்கற கையோட எத்தினி நாளு எடுக்கறது?"

நான் அவர் கையைப் பார்த்தேன். மடியில் பையின் மேல் இருந்தது. நடுங்கவில்லை. அல்லது அவர் அழுத்திப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. "எங்கப்பாவ விட ஊர் சுத்தறது பெருசாப் போச்சு இல்ல உங்களுக்கு?" என்றேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அடுத்த நாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினேன். அவருடைய களைப்பை ஊரில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் நான். மூன்று படிவத்தில் என் கையாலேயே எழுதியவள். அப்படியிருந்தும் அவர் கிளம்பிய அன்று ஒரு செய்திகூட அனுப்பவில்லை.

புதன்கிழமை லேபிலிருந்து ஒரு சின்னப்பெண் வந்தாள். சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தரச் சொல்லி, அப்பாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரல் பக்கமாக வைத்தாள். "இங்கதான் கெடைக்கும்னு அக்கா சொல்லிட்டுப் போனாங்க. போன ஞாயித்துக்கெழம லேபுக்கு வந்து, ஒரு மணி நேரம் என் கையில வச்சே காமிச்சாங்க" என்றாள். அப்படியும் அவளுக்கு மூன்றாவது குத்தில்தான் வந்தது. சனிக்கிழமை இரண்டு குத்து. அப்பாவின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போனது. ஆனால் ரத்தம் கிடைத்தது, அளவு தெரிந்தது, மாத்திரை சரிசெய்யப்பட்டது. அவர் இல்லாமலும் நடந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி ஊரில் பேசிய பேச்சுக்கு அளவில்லை. ஜெபமாலை வரவில்லை, பனியன் வரவில்லை, ஆவிலாவுக்குப் போகவே இல்லையாம். வெளிநாடு போய்வந்ததும் திமிர் வந்துவிட்டது என்றார்கள். எட்டு வீடுகளை நாலு வீடுகளாகக் குறைத்துக்கொண்டார். மற்றவர்களிடம் லேபுப் பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். "ஆவட்டும்" என்று சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார், சிலசமயம் அந்த நேரம் முடிந்தும் அந்தச் சொல் வராது. அடுத்த வருஷம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அப்பாவின் காரியத்துக்கு வந்து நின்றார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். நான் இன்னும் அதே ரயிலில்தான் போய்வருகிறேன்.

அவர் மாட்ரிட்டிலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் முறை நாளும் அல்ல. காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். நீலப் பெட்டி இல்லாமல் வெறும் கையோடு நின்றார். வாங்க என்று சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டேன். உள்ளே நாற்காலியில் இருந்த அப்பாதான், "வாம்மா, வாம்மா. போயிட்டு வந்தியா?" என்றார். எங்களுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. கையை மட்டும் துண்டுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

அக்கா போய்த் துண்டை விலக்கினார். நீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "எத்தினி குத்து அங்கிள்?"

"அத்த உடு. நீ நல்லா தூங்குனியா, சொல்லு."

எங்கள் ஊரில் அவரிடம் வேறு யாராவது அதைக் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. ஜெபமாலை எங்கே என்று கேட்டார்கள், என்னென்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். அக்கா அப்பாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தேன். அங்கே நின்றபடியே கேட்டேன்.

"மொத நாளு தூக்கமே வரல அங்கிள். நம்ம ஊரு நேரத்துக்கு முழிப்பு வந்துடுச்சு. அங்க அப்ப ஒரே இருட்டு. எவ்ளோ நேரம் படுத்துக் கெடக்கறது? ஏழு மணிக்கு எழுந்து குளிச்சிட்டு எறங்கிப் போனேன். எங்க போறதுன்னு தெரியாம மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். காலு பழகிடுச்சு இல்ல? உள்ள ஒரு பெஞ்சு இருந்துச்சு. உக்காந்தேன்."

"எங்க போன ரயில்ல?"

"எங்கயும் போவல. அங்கயே உக்காந்திருந்தேன், ரெண்டு மணி நேரம். எல்லாரும் ஓடியாராங்க அங்கிள். பொம்பளைங்க ஒரு கையில காபி, ஒரு கையில பையி. கதவு மூடப்போவுதுன்னு ஓடறாங்க. ஒருத்தி நின்னுக்கினே தூங்கறா. ரயிலு போவும், இன்னொன்னு வரும். நான் ஏறவே வேணாம். அதப் பாத்துக்கினே இருந்தேன்."

அப்பா சிரித்தார். "அப்பால?"

"ரெண்டாவது நாளு பூங்காவுல உக்காந்தேன். நல்ல வெயிலு. திடீர்னு அழுவ வந்துடுச்சு. ஏன்னு கேட்டா தெரியாது. அம்மா செத்தப்பகூட அவ்ளோ அழுவல. பக்கத்துல ஒரு வயசான அம்மா உக்காந்திருந்தாங்க. ஒரு காகிதத் துண்ட எடுத்துக் குடுத்தாங்க. ஒன்னுமே கேக்கல. அவங்க பாட்டுக்கு உக்காந்திருந்தாங்க. அன்னிக்குப் போயி படுத்தவதான், பதினாலு மணி நேரம். ஓட்டல் பொண்ணு கதவத் தட்டி உயிரோட கீறேனான்னு பாத்துட்டுப் போச்சு."

"அப்படித்தான் தூங்கணும். பாக்க வேண்டிய எடமெல்லாம்?"

"பாப்பா எழுதிக் குடுத்துச்சே, அந்தப் பேப்பர ஏர்போர்ட்லயே உட்டுட்டேன்." அடுப்படிப் பக்கம் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மறந்து உடல. நாற்காலி மேல வெச்சுட்டு எழுந்து வந்தேன்."

நான் வெளியே வந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு ரயில்ல நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன்.

"உடு. உனக்கும் தூக்கம் கெடையாது" என்றார். பிறகு, கணக்காக, யாருக்கும் மருந்துச் சீட்டு விளக்குகிற குரலில், "அங்கிளுக்குப் பாஞ்சு நாளைக்கு ஒருக்கா நான் வருவேன். அது மாறாது. நடுவுல வேணும்னா அந்தப் பொண்ண கூப்டு. அவளும் கத்துக்கட்டும். என்னைக் கூப்டாத" என்றார்.

"சரிக்கா."

பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். டிகாஷன் ஊற்றி டம்ளரை எடுத்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனைப் போட்டதும் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு அஞ்சு வருஷமாக வந்துகொண்டிருக்கிறார். வருவார், அப்பாவின் கையைப் பிடிப்பார், குழாயில் பெயர் எழுதுவார், அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அவர் சர்க்கரை போட்டுக் குடிப்பவரா, போடாமல் குடிப்பவரா, எவ்வளவு, எனக்குத் தெரியவில்லை.

தலையை நீட்டி, "அக்கா, சக்கர எத்தினி?" என்றேன்.

"ரெண்டு ஸ்பூனு போடு பாப்பா" என்றார். "நல்லா தித்திப்பா இருக்கட்டும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தார். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.